எழுத்துமூல ஒப்புதல்

நூலகத்திலிருந்து இன்றும் ஒரு மின்னஞ்சல்.
மரியாதையான போலிஷ்,
அதனடியில் மரியாதை குறைந்த ஆங்கிலம்:
புத்தகம் வந்து சேரவில்லை,
அபராதம் நாளொன்றுக்கு இருபது க்ரோஷி.
பதினொரு மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தேன்.
நாகரபாவியில் ஒரு வாரச் சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமை.
பெயர் மாறிப் புது அட்டையில் வந்திருக்கும் சாட்சியச் சட்டம்
மேசையில் குப்புறக் கிடக்கிறது.
அதன் முதுகில் காபி டம்ளர்.
கட்டிலில் நானும், திருப்பித் தராத அந்த நாவலும்.
படகோட்டி ஒருத்தியின் கதை, செங்கல் கனம்.
தேர்வுக்கு வராத ஒரு வரியில் இருக்கிற ருசி
தேர்வுக்கு வரும் எதிலும் இல்லை.

நூற்றுப் பதினாறாம் பக்கத்தில் வெண்ணெய்க் கறை.
அது கேத்தோவின் கட்டைவிரல்.

வ்ரோட்ஸ்வாவ் என்ற ஊர்ப் பெயரைச்
சரியாகச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது.
ஜார்ஜியாக்காரி கேத்தோ
தில்லைநாயகியை முதல் நாளே வெட்டித்
'தில்' ஆக்கிவிட்டாள்.
"உன் பெயரில் ஒரு கீரை இருக்கிறது, பார்" என்று
சூப்பில் மிதந்த பச்சை நூலைக் கரண்டியால் தொட்டாள்.
அதன்பிறகு பார்த்தால்
அந்த ஊரில் எல்லாவற்றின் மேலும் நான் தூவப்பட்டிருந்தேன்:
உருளைக்கிழங்கில், உப்பில் ஊறிய வெள்ளரியில்,
பீட்ரூட் சிவப்பில், செத்த மீனின் கண்ணருகில்.
புளித்த மாவில் வைத்த சூப்பை முகர்ந்து
நாலு நாள் தோசைமாவு என்று முகம் சுளித்தேன்.
இரண்டாம் கிண்ணம் கேட்டதும் நான்தான்.

உதவித்தொகை வரத் தாமதமானபோது
என் பங்கு வாடகையை இரண்டு மாதம் அவள் கட்டினாள்.
ரசீது இல்லை. சாட்சி இல்லை.
சட்டம் படிக்கும் இரண்டு பேர்
ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக்கொள்ளவில்லை.

ஜனவரியில் ஹீட்டர் செத்த இரவு
படகு வடிவில் ரொட்டி சுட்டாள்.
உள்ளே உருகிய பாலாடைக்கட்டி, நடுவில் உடையாத மஞ்சள் கரு.
கரையைப் பிய்த்துக் குளத்தில் தோய்க்க வேண்டும்.
நான் தின்றபடி உரக்கப் படித்தேன்.
"அந்தப் படகோட்டி செத்தால்
எனக்குச் சொல்லாதே" என்றாள்.
இருநூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினோம்.
மறுநாள் கடைசித் தேர்வை எழுதாமலே ரயிலேறிப் போனாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

சந்திரா லேஅவுட் முனையில் லோகேஷின் தள்ளுவண்டி.
திரும்பி வந்த வாரம், அக்கி ரொட்டி கல்லில் விழுந்த நொடியில்
அந்த வாசனை.
மூன்று வருடமாக இங்கே
பெயர் தெரியாமல் தின்றிருக்கிறேன் என்னை.
"சப்பசிகே ஜாஸ்தி ஹாக்கி" என்றேன்.
அள்ளிப் போட்டார், கூடக் காசு கேட்காமல்.

காலவரம்புச் சட்டம் கறாரானது.
மூன்று வருடம் யாரும் வாய்திறக்காவிட்டால்
கடன் உயிரோடிருக்கும், வழக்கு செத்துவிடும்.
ஆனால் பிரிவு பதினெட்டு:
கெடு முடிவதற்குள் கடன்பட்டவர்
எழுதிக் கையெழுத்திட்டால்
கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

ஆகவே, பெங்களூரு நாகரபாவி, இரண்டாம் மாடி, பின்னறையிலிருந்து
நல்ல நினைவோடும் லேசான பசியோடும்
ஒப்புக்கொள்கிறேன்:
இரண்டு மாத வாடகை.
என் பங்குக்கு மேல் நான் தின்ற ரொட்டிக் கரை.
கேட்காமல் விட்ட ஒரு கேள்வி.

நூலகத்துக்கு நாளை பார்சல் போகும்.
மிச்சப் பக்கங்களை இன்றிரவு முடித்துவிடுவேன்.
படகோட்டி செத்தாலும்
சொல்லமாட்டேன், கேத்தோ.

(ஒப்பம்)
தில்