சக்கரத்து ஈயம்

அந்தியூரில், பர்கூர் ரோட்டில் என் கடை.
டயர், டியூப், பஞ்சர், வீல் பேலன்சிங்.
போர்டில் பஞ்சரின் தலைப்புள்ளி உதிர்ந்து
மூன்று வருசம். அப்படியே கிடக்கிறது.

சக்கரத்தைச் சுழலவிட்டால்
எந்தப் பக்கம் இலேசு என்று மெஷின் காட்டும்.
அங்கே ஒரு துண்டு ஈயம் அடிப்பேன்,
ஐந்து கிராம், பத்து, இருபது.
பழசைப் பிடுங்கிப் பெயிண்ட் டப்பாவில் போடுவேன்.
டப்பா நிறையும் நாள் செங்காளிக்கு எப்படியோ தெரியும்.

"பவானி ஆத்துல மீன் வலைக்குங்க" என்பான்.
வலைக்கென்றே நம்பினேன்.
அதாவது, கேட்கவில்லை.
அவன் கையில் மீன் வாசம் ஒருநாளும் இருந்ததில்லை.

சித்திரையில் வனத்துறை ஜீப் வந்தது.
அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுதாம்.
முன்சக்கரம் இரண்டிலும்
மலைக்கல்லில் மோதி மோதி மழுங்கிய ஈயம்.
குறடு வைத்துக் கெந்தினேன்.
ஒன்றில் இருபது என்ற எண் பாதி தேய்ந்து
வெறும் பூஜ்யமாய்க் கிடந்தது.
எல்லாம் டப்பாவுக்குள்.
வாரம் முடிவதற்குள் செங்காளி.

பொழுதோட ஒருநாள் கடை சாத்தும் நேரம்
கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்து அவனே சொன்னான்:

"மொதக் குண்டு தோல் சுருங்கித்தானுங்க வரும்,
அன்னைக்குப் பொறந்த கொழந்தையாட்ட.
அச்சுக்குச் சூடு பத்தாது.
அதத் தூக்கித் திரும்பக் கரண்டியிலயே போட்டர்றது.
நாலாவது அஞ்சாவதுதான் மொகம் பாத்துக்கலாம்,
அத்தன மினுக்கம்."

தாமரைக்கரைக்கு அக்கட்டால
வத்திப்போன குட்டை. நிலா இல்லை.
இவன் மரத்து மேலே, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு.
கொம்பில் இன்னும் மயிர் உதிராத ஒரு கெடா
தண்ணி இருந்த இடத்தை மோந்து பார்த்ததாம்.

"சுட்டனுங்க. ஓடுச்சு.
ஒண்ணுமே ஆவாத மாதிரி ஓடுச்சு.
தப்பிச்சுருச்சுன்னே நெனச்சேன்.
எனக்கு நெம்பச் சந்தோசமாக்கூட இருந்துச்சுங்க,
பொய் சொல்லுல."

விடிந்து பார்த்தால் இருநூறு அடியில்
உண்ணிச்செடிக்குள்.
வாயில் தின்று முடிக்காத புல்.

சொல்லிவிட்டு யூரியா சாக்குக்குள் கைவிட்டு
வாழையிலைப் பொட்டலம் ஒன்றை
ஏர் கம்ப்ரசர் மேல் வைத்துவிட்டுப் போனான்.

பாவாத்தாள் பிரித்துப் பார்த்தாள்.
என்ன கறி என்று கேட்கவில்லை.
கொத்தமல்லியும் மிளகும் கூடப் போட்டு அரைத்தாள்.
கதவுக்கடியில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்தாள்.
தெரு நாய்கள் மட்டும் வாசலில் வந்து
ஒறம்பரை மாதிரி உட்கார்ந்துகொண்டன.

தர்ஷிகாவுக்கு முன்பல் நாலு நாளாய் ஆட்டம்.
இரண்டாவது வாய் மென்றவள் நின்றாள்.
உள்ளங்கையில் துப்பினாள்.

"அப்பா, எனக்கு ரெண்டு பல்லு உளுந்துருச்சு.
ஒண்ணு கறுப்பு."

வட்டலைத் தள்ளிவைத்தேன்.
வாய் கொப்பளிக்க வைத்தேன், ஏழெட்டுத் தடவை.
வெள்ளைப் பல்லைச் சாணியில் பொதிந்து
ஓட்டு மேல் எறிந்தோம்.
"அதையும் எறி" என்று அடம்பிடித்தாள்.
எறிவதுபோல் கையை வீசினேன்.
எதுவும் விழும் சத்தம் கேட்காததால்
வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டைப்பையில் இருக்கிறது.
கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்,
எண் நகரவில்லை.

ஆடியில் மறுபடியும் அதே ஜீப்.
முன்சக்கரம்தான். அதே உதறல்.
பின்சீட்டில் ரேஞ்சர்.
"இந்தப் பக்கம் செங்காளின்னு ஒருத்தன் வருவானா?"

குந்தியிருந்தேன்.
சுத்தியல் ஈயத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது.
காது கேட்காதவனைப்போல்
இரண்டு அடி அதிகமாகவே அடித்தேன்.

சக்கரம் சுற்றி நின்றது.
மெஷினில் பூஜ்யம், பூஜ்யம்.
"சரியாயிருச்சுங்க."

இறங்கி வந்து டப்பாவை எட்டிப் பார்த்தார்.
மேலாகக் கிடந்தது அவர் வண்டியுடையது.
"இந்தப் பழசையெல்லாம் என்னப்பா செய்வே?"

"கேட்டு வருவாங்க சார்" என்றேன்.
"மீன் வலைக்குங்க."