தானே உயர்ந்தவர்

வணிகர் சங்க வெள்ளிவிழா மலருக்கு
என்னைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம்.
தலைப்பை அவர்களே வைத்து அனுப்பிவிட்டார்கள்:
‘தானே உயர்ந்தவர்.’
போட்டோ தனி. கடை வாசலில், சிரித்தபடி.

சொல்லுங்கம்மா என்கிறான்
கணக்கு எழுதும் சபரீசன்,
விரல்களைக் கீபோர்டின்மேல் தயாராய் வைத்து.

சொன்னேன்.
ஓ.டி.யில் ஜெய்னுலாபுதீன் பாய் கிடங்கு.
உடைசல் பிஸ்கட் ஒரு டின், கடனுக்கு.
உடையாததைக் கடன் கேட்க
அன்றைக்கு என் முகம் போதாது.
திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில்
புறப்படுகிற வண்டியின் ஜன்னலுக்கு எட்டவேண்டி
பொட்டலத்தைத் தூக்கித் தூக்கி
வலது தோள் இன்னமும்
இடதைவிட ஒரு விரற்கடை உயரம்.
தாள் தீர்ந்த ஒரு நாள்
பெரியவனின் பழைய நோட்டைக் கிழித்தேன்.
“என் ஏழாம் வாய்ப்பாட்டை
விழுப்புரம் வண்டிக்கு வித்துட்டியே” என்று
ராத்திரி பூரா அழுதான்.

சபரீசன் சிரித்தான். இது நல்லா இருக்கும்மா, அப்புறம்?

அப்புறம் லாரன்ஸ் ரோட்டில் பத்துக்கு எட்டு.
துடைப்பம், சீயக்காய், பிளாஸ்டிக் குடம்.
துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போன ராசாங்கம்
கல்லாவில் உட்கார்ந்தார்.
வாங்கிய காசை ஒரு தரமும்
கொடுக்கிற சில்லறையை மூன்று தரமும் எண்ணுவார்.
பதினோரு வருஷம் அப்படியே போனது.
கடன் அடைந்தது. கடை வளரவில்லை.

அப்புறம்?

அப்புறம் தானே.

புயலைச் சொல்கிறேன்.
முந்திரி, பலா, மின்கம்பம் எல்லாம் ஒரே பக்கமாய்ப்
படுத்துக் கிடந்த காலை.
கிறிஸ்துமஸுக்கு எடுத்து விற்காமல் நின்ற
நாற்பது பெட்டி மெழுகுவத்தி என்னிடம்.
காலையில் இரண்டு ரூபாய்.
விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஐந்து.
மூன்றாம் நாள் பன்னிரண்டு.
“வண்டி வரலம்மா, சரக்கு இல்ல” என்றேன்.
பொய் இல்லை.
சாலை முழுக்க மரம்.

தேவனாம்பட்டினத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள் ஒருத்தி.
பூபதியம்மாள். பேர் பிற்பாடு தெரிந்தது.
மகள் பிள்ளை பெற்று ஆறு நாள்,
இருட்டில் பிள்ளை முகம் தெரியலை என்றாள்.
உள்ளங்கையில் ஏழு ரூபாய்.

ஒரு வத்தியை எடுத்து
நடுவில் நூலைச் சுற்றி இழுத்தேன்.
சுத்தமாய் இரண்டு துண்டு.
அரை வத்தி, ஏழு ரூபாய்.

பன்னிரண்டில் பாதி ஆறு.
அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.
கல்லாவில் ராசாங்கம்
அன்றைக்கு மட்டும் எண்ணாமல் போட்டார்.

உடைசலை மலிவாய் வாங்கி வந்தவள்
உடைத்தால் விலை கூடும் என்று கண்டுகொண்டேன்.
அதற்குமேல் துண்டாகத்தான் விற்றேன்.
பதினேழு நாள் கரண்ட் இல்லை.
பதினெட்டாம் நாள்
பக்கத்துக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தேன்.

இப்போது மூன்று மாடி. லிஃப்ட்.
பில் போடும் பெண்கள் ஒன்பது பேர்.
மாசம் பிறந்தால் பூபதியம்மாள் வருகிறாள்,
பேரனோடு. பையன் என் தோளைத் தாண்டிவிட்டான்.
மளிகை முடித்துப் பூஜை சாமான் பக்கம் போவாள்.
ஒரு மெழுகுவத்திப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பி
விலையைப் பார்ப்பாள்.
வைத்துவிடுவாள்.
எனக்காகவா, விலைக்காகவா
கேட்டதில்லை நான்.
கேட்க எனக்கு வழியும் இல்லை.

சபரீசன் தட்டுவதை எப்போதோ நிறுத்தியிருந்தான்.
“புயலைப் போடவாம்மா?”
பதிலுக்குக் காத்திருக்காமல் அவனே படித்துக் காட்டினான்:
‘தானே புயல் வீசிய இருண்ட நாட்களிலும்
ஒரு நாள்கூடக் கடையை அடைக்காமல்
மக்களுக்கு ஒளி தந்தார்.’

அதுவும் பொய் இல்லை.
அந்தத் தெருவில் ஏறியிருந்த ஷட்டர் எனதொன்றுதான்.

சரி, அனுப்பு என்றேன்.

வாசலில் போட்டோக்காரப் பையன்
கேமராவை இறக்கிவிட்டு எட்டிப் பார்க்கிறான்.
“மேடம், வலது தோளைக் கொஞ்சம் இறக்குங்க.
இன்னும் கொஞ்சம்.
இன்னும்.”