ஏழு பாயின்ட்

ஏழு பாயின்ட், ரெண்டாயிரத்து இருநூறு,
பார்க்கிங் தனி.
ஏழில் ஐந்தாவது இந்த மியூசியம்.
பதினாறு வருஷமாய் வாசல்வரை வந்திருக்கிறேன்,
உள்ளே போனதில்லை.
சீட்டைச் சாய்த்துக்கொண்டு
வைப்பர் துடைத்த அரைவட்டத்தில்
மஞ்சு இறங்குவதைப் பார்த்துக் கிடப்பேன்.

இன்று விருதுநகர்க் குடும்பத்துப் பாப்பா
இடதுகை உறையை உள்ளே விட்டுவிட்டது.
அழுகை ஐந்தாவது கியரில்.
"கொஞ்சம் பார்த்துட்டு வாங்கண்ணே."

போஜனுக்கு என்னைத் தெரியும்.
தெரிந்தும் டிக்கெட் கிழித்தான்.
பத்து ரூபாய்.

முதல் அறையில்
ஊட்டி கோடைத் தலைநகரமான கதை.
வெயிலுக்குப் பயந்து
அரசாங்கமே மலை ஏறி வந்திருக்கிறது.
படத்தில் மூங்கில் காடு, வளைந்த பாதை,
கோப்புப் பெட்டிகள்,
பெட்டிகளுக்குக் கீழே கால்கள்.
முகங்களைப் பெட்டி மறைத்துக்கொண்டது.

இரண்டாம் அறையில் புலி.
வயிற்றுத் தையல் பிரிந்து
வைக்கோல் எட்டிப் பார்த்தது.
கையுறை இல்லை.

மூன்றாம் அறை தேயிலை.
கயிறு கட்டிய மூலையில்
கடிகாரம்போல வட்ட முகத்தோடு
கொழுந்து நிறுக்கும் தராசு.
அதன் கொக்கியில்
பாப்பாவின் ரோஸ் கலர் கையுறை,
ஐந்து விரலும் தொங்க.
முள் அசையவில்லை.

எனக்கு இந்த முள்ளைத் தெரியும்.
இதுவேதானா, இதன் தம்பியா, சொல்ல முடியாது.
கப்பலேறி வந்து
மண்டபம் முகாமில் பேர் பதிந்து
இந்த மலைக்கு அனுப்பப்பட்ட என் அம்மா காத்தாயி
படங்கு நனைய நனைய வரிசையில் நிற்பாள்.
நான் அவள் பின்னால், ஸ்கூல் பையோடு.
கணக்கப்பிள்ளை வாய்க்குள் ஒரு எண் சொல்வார்,
நோட்டில் அதையே எழுதுவார். பொய்யே கிடையாது.
கூடை ஏறும் முன்பே
முள் பூஜ்யத்துக்கு ரெண்டு கோடு பின்னால் நிற்கும்,
அவ்வளவுதான்.
"முதுகுக்கு ஒரு கணக்கு, முள்ளுக்கு ஒரு கணக்கு"
என்பாள் அம்மா, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி.

அட்டையில் எழுதியிருந்தது:
தராசு. இரும்பு, பித்தளை.
எஸ்டேட் நிர்வாகத்தின் நன்கொடை.
தொடாதீர்கள்.

ஒரு நாளைக்கு ரெண்டு நிறுவை,
நிறுவைக்கு ரெண்டு கிலோ,
இருபத்திரண்டு வருஷம்...
வாடகைக் கணக்கென்றால் நொடியில் போடுவேன்.
இது பாதியில் நின்றுபோனது.

கயிற்றைத் தாண்டினேன்.
கையுறையை எடுத்தேன்.
முகத்துக்குப் பின்னால் திருகு இருக்கும் இடம்
பெருவிரலுக்குத் தெரிந்திருந்தது.
போஜன் இருமினான்,
பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி
மழை வருமா என்று யாரிடமோ கேட்டான்.

துரு. அரைச் சுற்றுதான் சுற்றியது.
முள் ஒரு கோடு ஏறி
அங்கேயே நின்றுவிட்டது.

"என்னண்ணே இவ்வளவு நேரம்?"
"புலி பார்த்தேன் சார்."
ஆறாவது பாயின்ட் போட் ஹவுஸ்.
ஸ்டியரிங் பிடித்த விரல் நகத்தில்
செம்பழுப்பாய்த் துரு.
ஒரு கிலோ வந்துவிட்டது,
இன்னும் ஒரு கிலோ உள்ளே இருக்கிறது.