ஒன்பதாம் நாள் மூடுபனி

கருஞ்சிப்பி ஓடு மூன்று மூட்டை.
அரோசாவின் டின்மீன் ஆலைப் பின்வாசலில்
எதெல்வீனா இரவுப்பணி முடித்த கையோடு
கட்டி வைத்துவிடுவாள்.
காசு வாங்க மாட்டாள்.
நாற்றத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவளிடம்
என்ன விலை பேசுவது என்பாள்.

கிரானைட் சேறு பொரீன்யோவிலிருந்து.
கல்லறுக்கும் ரம்பத்தின் கீழே தேங்குகிற
சாம்பல் நிறக் கூழ்.
லோய்ஸின் லாரி வருகிற வழியெல்லாம் சொட்டும்.
அதில் முக்காலும் மலை,
மிச்சம் ரம்பம் தேய்ந்த இரும்பு.
அந்த இரும்புதான் சூளையில் தேன்நிறம் ஆகிறதென்று
சோதனை வில்லை அறுபத்தொன்றில் தெரிந்தது.
முதல் அறுபதும்
பூனை கக்கிய நிறம்.

திராட்சைக் கவாத்து எரித்த சாம்பல்,
மதுக்கடைப் பச்சைப் பாட்டில்,
எல்லாம் அரைத்துக் கரைத்து
வாளி வாளியாக வைத்திருக்கிறேன்.
வாளிகளும் பெயின்ட் கடை வீசியவை.

அமாரோ நாற்பத்துநான்கு தட்டு கேட்டான்.
புது உணவகம். கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவர்.
"சிப்பி கண்ணுக்குத் தெரியணும், ஷியானா.
விரலில் நெருடணும்."
மாவாக அரைத்துச் சலித்தால்
யாருக்கும் தெரியாது அல்லவா,
அதனால் குருணையாக உடைத்து
களிமண்ணோடு பிசைந்தேன்.
கூடாதென்று எனக்குத் தெரியும்.
முன்பணம் வந்திருந்தது.

சூளை திறந்த அன்று ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்தேன்.
மணி போல் சொன்னது.
உணவுப் பட்டியலின் அடியில் அமாரோ அச்சடித்தான்:
கழிவே இல்லாத தட்டு.
எரிவாயு சிலிண்டர் ஆறு காலியானதை
அவனும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள்
கழிமுகத்திலிருந்து பனி ஏறி வந்தது.
பகல் பன்னிரண்டுக்கும் விளக்கு போட வேண்டிய பனி.
முதல் தட்டு
யாரோ சொடக்குப் போட்டது போல்
டிக்
என்றதாம்.
விளிம்பில் பிறை அளவு சில்லு தெறித்து
பள்ளத்தின் நடுவே
அரிசி நுனி போல் ஒரு வெள்ளைப் புள்ளி.
மதியச் சாப்பாடு முடிவதற்குள் பதினொரு தட்டு.
ஏழாம் மேசையில் ஒரு பல் மருத்துவர்
ஆக்டோபஸோடு சில்லையும் கடித்தார்.

நெருப்பில் வெந்த சிப்பி சுண்ணாம்பு.
வெந்த சுண்ணாம்புக்குத் தாகம்.
களிமண்ணுக்குள்ளே, மெருகுக்கு அடியிலே
வாயை மூடிக்கொண்டு கிடக்கும்.
காற்றின் ஈரம் ஒரு துளி போதும்,
நீறிப் பருத்து
தட்டை உடைத்துக்கொண்டு வரும்.
எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.
மூன்றாம் வகுப்பு வேதியியல் கூட வேண்டாம்,
கொத்தனாரைக் கேட்டாலே போதும்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்து
நாற்பத்துநான்கையும் வேனில் ஏற்றினேன்.
கம்பாதோஸ் வரைக்கும் பின்னால்
டிக். டிக்டிக்.
சிக்னலில் நிற்கும்போது சத்தமாகக் கேட்டது.

எதெல்வீனா ரப்பர் பூட்ஸோடு வந்து
அவள் கட்டிய மூட்டை மேலேயே உட்கார்ந்தாள்.
தட்டுகளைப் பார்த்தாள்.
"இப்ப இது யார் குப்பை?"
"என்னுது."
சிரித்தாள், இருமும் அளவுக்குச் சிரித்தாள்.
எனக்குக் கோபம் வந்து
பிறகு அதுவும் போய்விட்டது.

அன்று மாலையே சுத்தியல் எடுத்தோம்.
உடைத்த ஓட்டை ஊறப்போட்டு
தாகம் தீரும் வரை தண்ணீர் மாற்றி
பொடித்து
எண்பதாம் எண் சல்லடையில் இறக்கினேன்.
புதுக் களிமண்ணில் ஐந்தில் ஒரு பங்கு அது.
நெருடாது.
கண்ணுக்குத் தெரியாது.
அமாரோ வாங்க மாட்டான்.
சிலிண்டர் இன்னும் இரண்டு போகும்,
அதை மட்டும் எந்தச் சல்லடையிலும்
திரும்பப் பிடிக்க முடியாது;
நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

ஒரு தட்டை மட்டும் எதெல்வீனா உடைக்க விடவில்லை.
பிறைச் சில்லு போன தட்டு.
சோப்பு வைக்க என்று
ஏப்ரனில் சுற்றிக்கொண்டு போனாள்.

நேற்று ஆலை வாசலில் கூப்பிட்டுச் சொன்னாள்:
"ராத்திரி பல் தேய்க்கும்போது
இன்னொன்று போட்டுதடி."