மூடியின் உட்புறம்

வங்கியில் இரண்டு பிணைகாரர் கேட்டார்கள்,
இருவரும் அரசாங்க உத்தியோகத்தர்.
எங்கள் குடும்பத்துக்கு அரசாங்கத்திடமிருந்து
கடைசியாக வந்தது
முகாம் பங்கீட்டு அட்டை.

கிராம சேவகர் கேட்டார்,
"நிரந்தர முகவரி எது, புத்தளமா, இதுவா?"
உம்மா ஏழு வயதில்
இரண்டு மணித்தியாலத்தில் விட்டுப்போன வீட்டின்
இலக்கத்தைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டார்.
பேனையை மூடாமல் என்னைப் பார்த்தபடி இருந்தார்.

மகாபொல மூன்று மாதம் பிந்தும் என்றார்கள்.
உடற்கூற்றியல் பிந்தவில்லை.
திங்கட்கிழமை எட்டு மணிக்கே தொடங்கிவிட்டது,
ஆங்கிலத்தில்.

எலும்பு வேண்டும்.
விலைக்கு வாங்கினால்
வாப்பாவின் தராசில் எத்தனை அந்தர்
பழைய இரும்பு ஏற வேண்டுமென்று
பஸ்ஸில் கணக்குப் பார்த்தேன்.
பரமேஸ்வராச் சந்தியில் இறங்கும்வரை
கணக்கு முடியவில்லை.

மூன்றாம் வருடத்து ஜெனிற்றா அக்கா
ஹொஸ்டல் வாசலுக்குக் கூப்பிட்டு
ஒரு பிஸ்கட் பெட்டியைத் தந்தா.
"பாதி ஆள். கை கால் இடப்பக்கம் மட்டும்.
முள்ளந்தண்டு முழுசா இருக்கு.
விக்கக்கூடாது. வாடகைக்கும் விடக்கூடாது.
முடிஞ்சதும் உன்னைப்போல ஒரு ஆளைப் பாத்துக் குடு."

என்னைப்போல என்றால்?
கேட்கவில்லை.
மூடியைத் திறந்தேன்.
உட்புறத்தில் பெயர்கள்.

புஷ்பராணி, பொகவந்தலாவை.
தவநேசன், வாகரை.
ஒன்று சிங்கள எழுத்தில்:
புத்தளத்துப் பள்ளிக்கூடம் கைகொடுத்தது,
நிலூகா, மொனராகலை.
திருநெல்வேலிச் சந்தையில் தேங்காய் விலை கேட்க
அவளும் ஒருமுறை
அறைக்குள் ஒத்திகை பார்த்திருப்பாள்.
அதன் கீழே ஒரு வரி,
பேனையால் அழுத்தி அழித்திருந்தது.
பிறகு ஜெனிற்றா குரூஸ், பேசாலை.
ஓரத்தில் ஒரு தொலைபேசி இலக்கம்:
"எந்த நேரமும்."

எலும்புகளுக்கு அடியில் ஒரு சீ.ஆர். கொப்பி.
அட்லஸ், கழுத்தின் முதல் எலும்பு.
"அம்மாவின் தலையில் கொழுந்துக்கூடைக் கயிறு.
பாரமெல்லாம் கடைசியில் இதில்தான். மறக்காது."
ஸ்கபொய்ட், படகு வடிவம்.
"எங்கட ஊர்ப் படகு இப்படி இருந்தா
ஒருத்தனும் கரைக்கு வரமாட்டான்."
நிலூகா எதுவும் எழுதவில்லை.
படங்கள் எல்லாம் அவளுடையவை.

சோனகதெருவில்
உம்மா தையல் மெஷினை நிறுத்தினா.
"ஆருடைய?"
தெரியாது.
"எங்கட ஆக்களா?"
எலும்பில் எழுதியிருக்காது உம்மா.
"ஆம்பிளையா?"
இடுப்பெலும்பை எடுத்தேன்.
அந்த வளைவுக்குள்
என் பெருவிரல் தாராளமாக அசைந்தது.
பொம்பிளை.
பக்கத்தில் சிறிய பள்ளம் ஒன்று.
பிள்ளை பெற்றவளாக இருக்கலாம்,
நிச்சயமில்லை என்கிறது புத்தகம்.

உம்மாவுக்கு நிச்சயம்.
ஆரோ தைக்கத் தந்த வெள்ளைத் துணியில்
மிஞ்சிய ஒன்றரை முழத்தைப்
பெட்டிக்குள் விரித்தா.
"காசில்லாத வீட்டுப் பிள்ளையாத்தான் இருப்பா," என்றா,
"இல்லாட்டி ஏன் இதுக்குள்ள?"
மெஷின் திரும்பவும் ஓடத் தொடங்கியது.

பரீட்சைக்கு முதல்நாள் இரவு பதினொன்றரை.
மணிக்கட்டின் எட்டு எலும்புகளும்
குலுக்கிய சோகிகளைப்போல் பாயில் கிடந்தன.
அந்த இலக்கத்தை அழுத்தினேன்.
பின்னால் விடுதியிலோ வார்ட்டிலோ
ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.
யார் என்று கேட்கவில்லை அந்தக் குரல்.
"எந்த எலும்பு?" என்றது.

பொகவந்தலாவைப் புஷ்பராணி.
இப்போது மாங்குளம் ஆஸ்பத்திரியில்.

சொல்லித்தந்து முடியும்போது கேட்டேன்,
மூடியில் அழித்திருக்கும் பெயர் யாருடையது?
குழந்தை அழுகை கொஞ்சம் தூரமாகியது,
நடந்து வெளியே வந்திருப்பா.
"ஒரு வருசத்தோட நிண்டிட்டான்.
வீட்டில கடன். எங்களுக்குப் பிந்தித்தான் தெரியும்.
பெட்டிய மட்டும் துடைச்சு
திருப்பித் தந்திட்டுப் போனான்.
அழிச்சதும் அவன்தான்."

பிறகு ஒன்றும் பேசவில்லை.
நானும்.

"சரி, மணிக்கட்டைச் சொல்லு."

சொன்னேன்.
எட்டாவதில் பிழைத்தது.

"திரும்பச் சொல்லு," என்றா.
"நான் லைன்ல நிக்கிறன்."