அச்சுப் பாண்

இங்கிலீசுக்காரர் இத்தாலியன் படிக்க
எழுதின புத்தகம்.
பெரியகடையில் பாதி விலைக்குக் கிடைத்தது.
ஒவ்வொரு சொல்லையும்
இங்கிலீசில் இறக்கி,
பிறகு தமிழில் ஏற்றுகிறேன்,
இரண்டு பஸ் மாறிப் போகிற மாதிரி.

பெஷே. ஃபிஷ். மீன்.
ஒட்டியோ, ஓராவோ, விளைமீனோ
புத்தகத்துக்குக் கவலையில்லை.

பலேர்மோவில் கோப்பை கழுவி முடிந்து
றெஜினோல்ட் நடுச்சாமத்தில் எடுப்பார்.
"தொமானி எண்டால் நாளைக்கு எண்டு
நம்பிப்போடாதை, கொறற்றி.
இஞ்சை அது எப்பவோ ஒரு நாள்."
விசாக் கந்தோரில்
அதையே தமிழில் சொல்கிறார்கள்.
என் பெயரை மட்டும் அங்கே
ஒருத்தரும் எழுத்துக்கூட்டிக் கேட்கமாட்டினமாம்.

ஏழாம் பாடத்தில்
பஸ் ஏற வேண்டியே வரவில்லை.
குச்சீனா: குசினி.
கோப்பா: கோப்பை.
சபாத்தா என்றால் செருப்பாம்,
எங்கட சப்பாத்து
வாரைக் கழற்றிவிட்டுக் காற்றாட நிற்கிறது.
ஆர் கொண்டுவந்து போட்டது இதெல்லாம்?
அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

விடிய, குருநகர் பேக்கரியில்
வாய்க்கூச்சம் போகட்டும் என்று
"ஊன் பானே" என்றேன்.
பெடியன் நிமிரவேயில்லை.
"றோஸ் பாணோ அக்கா,
அச்சுப் பாணோ?"