வெள்ளை மூடி

நீல மூடிப் புட்டியா, வெள்ளை மூடிப் புட்டியா,
எதில் ஹார்மோன், எதில் வெறும் உப்புத் தண்ணீர்
என்று ஊசி போடும் எனக்கும் சொல்லவில்லை.
டல்சா நகரம், எழுபத்து நாலு,
ஆறு வாரம், காலை ஏழு மணிக்கு வரிசை.

கர்ப்பிணிகளின் சிறுநீரில் வடித்த மருந்து
என்று தெரிந்தேதான்
இடுப்பைத் திருப்பிக் காட்டினார்கள்.

நாளுக்கு ஐநூறு கலோரி:
உள்ளங்கையளவு கோழி, தோல் நீக்கி,
அரை ஆப்பிள், ஒரு ரஸ்க்,
பால் படாத காப்பி.

பள்ளிப் பேருந்து ஓட்டும் இமோஜீன் வெள்ளை மூடி.
"பசியே இல்லை வெர்னா, ஊசி பேசுகிறது!
பையன் பிறந்தநாள் கேக்கை வெட்டிக் கொடுத்தேன்,
கத்தியைக்கூட நக்கவில்லை."
தராசு முள்ளும் ஆமாம் போட்டது.
பதினெட்டுப் பவுண்டு.

நீல மூடி டெல்பாவுக்கும் பதினெட்டுதான்.
அவள் பசியில் அழுதாள்.

உறையைப் பிரித்தபோது வெள்ளையில் உப்பு.
சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன்.
"அப்போ கத்தியை நக்காமல் இருந்தது யார்?"
என்றாள்.
நீதான் என்றேன்.
"அவளை எனக்குத் தெரியாதே."

மார்ச்சில் மறுபடி வந்தாள்,
கோட்டுப் பொத்தான் பூட்டவில்லை.
"நிஜ மருந்தையே ஒரு தடவை..."
டெல்பாவின் தாளை விரித்துக் காட்டினேன்:
அதே இறக்கம், அதே ஏற்றம்.

வெளியே பேருந்து என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
கதவு வரை போய்த் திரும்பினாள்.
"வெள்ளையாவது
மிச்சம் இருக்கிறதா?"